இப்போதைக்கு எழவேண்டாம்

ஐப்பசி முதல் மழைக்கு
காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில்
முதலில் உயிர்த்தெழுவது சாரணை.
எக்காளத்துக்கெல்லாம் அது காத்திருப்பதில்லை.
பின்னாலேயே கோரை.
அப்புறம், யாரும் கூப்பிடாமலே, பார்த்தீனியம்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள்.
அதற்குள் எழுநூற்றுச் சொச்சம் பேர்
அவரவர் பெயரோடு வெளியே தெரியவேண்டும்.
போன வருடம் அடித்த மருந்தில்
களையோடு சேர்ந்து
பெர்பெத்துவா டீச்சர் கணவருக்கு நட்ட ரோஜாவும் போனது.
இனி மருந்து கூடாதென்று கமிட்டி தீர்மானம்.
அதைப் பதிவேட்டில் எழுதியவள் நான்.
மாதம் ஒன்பதாயிரம். பி.எஸ்சி. தாவரவியல்,
இரண்டு அரியர்.

வடக்கு மதிலோரம் ஒரு புளியமரம்.
அதன் கீழே பதினாறு பேர்
யாரும் கொத்தாமலே சுத்தமாகப் படுத்திருக்கிறார்கள்.
புளியமரத்தில் பேய் என்பார்கள்;
இங்கே அது ஒரு செய்தியே இல்லை.
எனக்குப் பட்டது வேறு:
மரம் தன் சருகின் வழியே
மண்ணிடம் ஏதோ சொல்லிவைத்திருக்கிறது.

புரட்டாசியில் அந்த இலையைப் பறித்து நிழலில் உலர்த்தினேன்.
இடித்தேன். நூறு கிராமுக்கு ஒரு லிட்டர்,
ஓர் இரவு ஊறல்.
சவப்பெட்டிக் கடை டொமினிக் தந்த
வெள்ளைத் துணி மிச்சத்தில் வடிகட்டினேன்.
ஆறிப்போன டீயின் நிறம்.

ஐஸ்கிரீம் கப் மூன்று.
அடியில் பழைய இரங்கல் நோட்டீஸை
வட்டமாக வெட்டிப் போட்டு
கப்புக்கு ஐம்பது சாரணை விதை,
குண்டூசித் தலையளவு கறுப்பு.
ஒன்றில் வெறும் தண்ணீர்.
ஒன்றில் முழுச் சாறு.
ஒன்றில் ஐந்துக்கு ஒன்றாய் நீர்த்தது.

ஏழாம் நாள் எண்ணினேன்.
தண்ணீரில் முப்பத்தெட்டு.
‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்ற வரிமேல்
வெள்ளை வேர் ஊன்றி நின்றன.
முழுச் சாற்றில் மூன்று,
அவையும் வேர்நுனி கறுத்து
வந்த வழியே திரும்பப் பார்ப்பவை போல.
நீர்த்த சாற்றை மட்டும் இரண்டு தரம் எண்ணினேன்.
நாற்பத்தாறு.
தண்ணீரில் வளர்ந்ததைவிட அரை விரல் உயரம்.

மெதுவாக அதட்டினால்
அதுவும் ஊக்கம்தான் போலிருக்கிறது.

“இன்னாம்மா, மூஞ்சில களையே இல்லியே” என்றான் டொமினிக்.
மூன்று ராத்திரித் தூக்கம் போயிருந்தது.
இருந்தும் சிரித்துவிட்டேன்.
என் வேலையே அதுதானே.

அக்டோபர் பத்தொன்பது, மழைக்கு முன்னால்
பூவாளியில் மொண்டு மொண்டு ஊற்றினேன்.
விதைகளிடம் பேசுவது இவ்வளவு எளிது:
செத்துப்போ என்றில்லை,
இப்போதைக்கு எழவேண்டாம், அவ்வளவுதான்.
412-க்கு மட்டும் அதே பூவாளியில் வெறும் தண்ணீர்.
ஒப்பிட ஒன்று வேண்டுமே.
வருவோர் யாரும் கிடையாது.
கல்லில் பெயர் கரைந்து
‘அன்புடன்’ மட்டும் மிச்சம்.

அன்றிரவே வானம் என் கணக்கில் கைவைத்தது.
தெற்கு வரிசை முழுக்கத் தண்ணீர் தேங்கி
சாறு ஐந்துக்கு ஒன்றாயிற்று, அல்லது பத்துக்கு ஒன்று.
முழங்கால் உயரச் சாரணையை
நானும் இன்னும் இரண்டு பெண்களும்
முதல் தேதி இருட்டும்வரை கையால் பிடுங்கினோம்.
வடக்கும் நடுவும் நின்றது,
கமிட்டி அதையும் பார்க்கவில்லை, இதையும் பார்க்கவில்லை.

மறுநாள் மெழுகுவர்த்தி, சாமந்தி, ஊதுபத்தி,
தோளில் தூங்கும் குழந்தைகள்.
பக்கத்துக் கல்லறைக்கு வந்த ஒரு பெண்
412 முன்னால் நின்றுவிட்டாள்.
அதன்மேல் சாரணை மெத்தை,
நடுநடுவே இளஞ்சிவப்பில் பொடிப் பூ.
“யார் வீட்டு ஆளுங்க இது?
எவ்ளோ பச்சையா வெச்சிருக்காங்க பாருங்க.”
கையில் மிஞ்சிய மெழுகுவர்த்தியை
அங்கே ஏற்றிவிட்டுப் போனாள்.

தண்ணீர் ஊற்றியவள் நான் என்றோ
அது ஏன் என்றோ சொல்லவில்லை.

இரவு பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில்:
பதினான்காம் நாள். 412. முளைத்தவை நூற்றுப் பத்தொன்பது.
மெழுகு சொட்டி ஏழு கருகின.
அவற்றையும் சேர்த்தே எண்ணியிருக்கிறேன்.